மலையேறும் ரயில்களின் நாடு: சுவிட்சர்லாந்தில் காணவேண்டியவை

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் ஐதராபாத், செகந்திராபாத் நகரங்களின் பயண நிறுவன விளம்பரங்களில் பனி மூடிய ஒரு சிகரம் தவறாமல் இடம்பெறும். வெயில் நாற்பது பாகையைத் தொடும் வேளையில் அந்தப் படம் கண்ணை ஈர்ப்பதில் வியப்பில்லை. 1964-இல் வெளிவந்த ராஜ் கபூரின் ‘சங்கம்’ தொடங்கி, இந்தியத் திரைப்படங்கள் ஆல்ப்ஸ் மலையை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தன. அம்மலையைத் தம் படங்களில் திரும்பத் திரும்பக் காட்டிய இயக்குநர் யஷ் சோப்ராவுக்கு இன்டர்லாக்கன் நகரில் 2016-இல் சிலையே வைக்கப்பட்டது.

ஆயினும், பல லட்சம் ரூபாய் செலவிட்டு அங்கே சென்று திரும்பும் குடும்பங்கள் பல, சுவிட்சர்லாந்தை உண்மையில் கண்டனவா என்பது ஐயமே. பத்து நாள்களில் ஏழு நாடுகள் என்ற திட்டத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கிடைப்பவை இரண்டு நாள்கள். ஒரு சிகரம், ஒரு கடைவீதி, மீதி நேரம் பேருந்து. அந்த நாட்டின் சிறப்பு ஒரு சிகரத்தின் உச்சியில் மட்டும் இல்லை. அங்கே ஏறிச் செல்லும் வழியிலேயே பெரும்பகுதி இருக்கிறது. ரயிலும் படகும் மலைப்பேருந்தும் அங்கே வெறும் போக்குவரத்துச் சாதனங்கள் அல்ல; அவையே காட்சிகள். இதை உணர்ந்து திட்டமிடுவோருக்குச் செலவு குறைகிறது, மனநிறைவு கூடுகிறது.

நீலகிரியில் தொடங்கும் கதை

தமிழருக்கு சுவிஸ் மலை ரயில் முற்றிலும் புதியதன்று. 1871-இல் ரிகி மலையில் ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயிலை அமைத்தவர் நிக்கோலாஸ் ரிகன்பாக். 1880-களின் தொடக்கத்தில் அவர் நீலகிரிக்கு வந்து, மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ரயில்பாதை அமைப்பது குறித்து ஆலோசனை வழங்கினார். இறுதியில் அவரிடம் பணியாற்றிய மற்றொரு சுவிஸ் பொறியாளரான ரோமன் ஆப்ட் உருவாக்கிய முறையே இங்கே தேர்ந்தெடுக்கப்பட்டது. 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகமண்டலம் வரையிலும் ரயில் ஓடத் தொடங்கியது. அதை இயக்கிய நீராவி எஞ்சின்கள் பல சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை.

பற்சக்கர முறையின் தத்துவம் எளிது. சரிவு மிகும்போது இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மீது வழுக்கும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டை ஒன்றைப் பதித்து, எஞ்சினின் அடியில் உள்ள பற்சக்கரத்தை அதில் பொருத்துகின்றனர். ஒவ்வொரு பல்லாகப் பற்றிக்கொண்டு வண்டி ஏறுகிறது. இறங்கும்போதும் அதே பிடி வண்டியைத் தாங்குகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பயணம் செய்தவர்கள் அந்தக் கடகட ஓசையை மறந்திருக்க மாட்டார்கள். அதே ஓசைதான் ஆல்ப்ஸ் மலையிலும் வரவேற்கிறது.

லூசெர்ன்: ரிகியும் பிலாட்டசும்

சூரிச் விமான நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் சென்றால் லூசெர்ன் நகரம். பதினான்காம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மரப்பாலம் நகரின் நடுவே ஆற்றைக் கடக்கிறது. 1993-இல் நேர்ந்த தீவிபத்தில் அதன் கூரையடியில் இருந்த பழைய ஓவியங்களில் பெரும்பாலானவை அழிந்தன. பாலத்தை மீண்டும் எழுப்பியபோதும், கருகிய இடங்களின் சுவடு இன்றும் தெரிகிறது.

இந்நகரில் தங்குவோர் தவறவிடக் கூடாத ஒருநாள் பயணம் ரிகி. காலையில் ஏரிப் படகில் ஏறி விட்ஸ்னாவ் துறையில் இறங்கினால், எதிரிலேயே பற்சக்கர ரயில் காத்திருக்கும். 1,798 மீட்டர் உயரமுள்ள உச்சியில் இறங்கிச் சுற்றிலும் நோக்கினால் ஒருபுறம் ஏரிகள், மறுபுறம் பனிமலை வரிசை. படகு, ரயில் இரண்டும் ‘சுவிஸ் டிராவல் பாஸ்’ என்னும் பயணச் சீட்டில் அடங்கிவிடுகின்றன. தனிக் கட்டணம் இல்லை.

பிலாட்டஸ் மலை ரயில் வேறு வகை. 1889-இல் திறக்கப்பட்ட இதுவே உலகின் மிகச் செங்குத்தான பற்சக்கர ரயில். நீலகிரியில் நூறு மீட்டர் தொலைவு சென்றால் வண்டி ஏறக்குறைய எட்டு மீட்டர் உயரும். பிலாட்டசில் அதே நூறு மீட்டருக்கு, மிகச் செங்குத்தான இடத்தில் 48 மீட்டர் உயர்கிறது. இத்தகைய சரிவில் பற்சக்கரம் மேலெழும்பிவிடக்கூடும் என்பதால், பற்களை மேல்நோக்கி அமைக்காமல் இரு பக்கவாட்டிலும் அமைத்தார் எட்வர்ட் லோக்கர். குளிர்காலத்தில் இந்த ரயில் ஓடாது. அப்போது மறுபக்கத்துக் கம்பிவட ஊர்தியில் உச்சியை அடையலாம்.

யுங்பிராவ் வட்டாரம்

லூசெர்னிலிருந்து இன்டர்லாக்கனுக்கு இரண்டு மணி நேர ரயில் பயணம், ஏரிகளையும் புரூனிக் கணவாயையும் தாண்டிச் செல்கிறது. அங்கிருந்து இருபது நிமிடத்தில் லாவுட்டர்புரூன்னன் பள்ளத்தாக்கு. செங்குத்துப் பாறைச் சுவர்களுக்கு நடுவே அமைந்த இச்சிற்றூரில், ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து ஸ்டாவ்பாக் அருவி விழுகிறது. சற்றுத் தொலைவில் உள்ள டிரும்மெல்பாக், மலையின் வயிற்றுக்குள்ளேயே பாயும் பத்து அருவிகளின் தொகுதி. ஐகர், மோங்க், யுங்பிராவ் ஆகிய சிகரங்களின் பனியுருகிய நீர் வினாடிக்கு 20,000 லிட்டர் வரை இதன் வழியே இறங்குகிறது. கோடையில் பாறைக்குள் நின்று அந்த முழக்கத்தைக் கேட்பது, எந்தச் சிகரக் காட்சிக்கும் குறையாத அனுபவம்.

இந்தியப் பயணிகள் பெரிதும் நாடும் இடம் யுங்பிராவ்யோக். 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள அதன் நிலையமே ஐரோப்பாவில் மிக உயர்ந்த ரயில் நிலையம். அடோல்ஃப் குயர்-செல்லர் என்ற தொழிலதிபர் 1896-இல் தொடங்கிய பணி, அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து 1912-இல் நிறைவுற்றது. ஒன்பது கிலோமீட்டர் பாதையில் ஏழுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் சுரங்கம். மேலே நின்றால் ஆல்ப்ஸின் மிகப்பெரிய பனியாறான அலெட்ச் கண்முன் விரிகிறது.

இப்பயணத்துக்கு முன் இரண்டு செய்திகளைச் சிந்திக்க வேண்டும். முதலாவது செலவு. இன்டர்லாக்கனிலிருந்து சென்று திரும்ப, சலுகை இல்லாத கட்டணம் கோடையில் ஒருவருக்கு இருநூறு பிராங்கைத் தாண்டும். மேகம் சூழ்ந்த நாளில் சென்றால் வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே முன்கூட்டியே நாள் குறிக்காமல், நிலையத்தின் நேரலைக் காட்சியைக் காலையில் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குவதே அறிவுடைமை.

இரண்டாவது உடல்நலம். அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இதயம், நுரையீரல் தொடர்பான நோயுள்ளோரும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும். வயது முதிர்ந்த பெற்றோரை அழைத்துச் செல்வோருக்கு நல்ல மாற்று ஒன்று உண்டு. 1893 முதல் இயங்கும் ஷீனிகே பிளாட்டே பற்சக்கர ரயில், மர இருக்கைப் பெட்டிகளுடன் 1,967 மீட்டர் உயரத்துக்கு அழைத்துச் செல்கிறது. உதகமண்டலம் ரயில் நிலையமே ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது என்பதை நினைவிற்கொண்டால், இது நமக்குப் பழகிய உயரமே. ஐகர், மோங்க், யுங்பிராவ் மூன்றும் இங்கிருந்து வரிசையாகத் தெரிகின்றன. ஜூன் முதல் அக்டோபர் வரையே இந்த ரயில் ஓடும்.

மேட்டர்ஹார்ன் சிகரத்தைக் காண விரும்புவோர் பெட்ரோல், டீசல் கார்கள் அனுமதிக்கப்படாத செர்மாட் ஊருக்குச் சென்று, 1898-இல் திறக்கப்பட்ட கோர்னர்கிராட் பற்சக்கர ரயிலில் ஏறலாம். 3,089 மீட்டர் உயரத்தில் உள்ள முனையத்திலிருந்து அந்தக் கூம்பு வடிவச் சிகரம் முழுமையாகத் தெரியும். யுங்பிராவ்யோக், கோர்னர்கிராட் இரண்டில் ஒன்றைக் கண்டாலே போதும். இரண்டுக்கும் செலவிடுவது கட்டாயமன்று.

பற்சக்கரமின்றிக் கணவாய் ஏறும் ரயில்

2008-ஆம் ஆண்டு யுனெஸ்கோ, கால்கா–சிம்லா மலை ரயிலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1999-இல் டார்ஜிலிங்கும் 2005-இல் நீலகிரியும் அதே பட்டியலில் இடம்பெற்றிருந்தன. 2008-லேயே சுவிட்சர்லாந்தின் ரேத்திய ரயில்வேயின் ஆல்புலா, பெர்னினா பாதைகளும் பட்டியலில் இணைந்தன.

நீலகிரி ரயிலைப் போலவே இதுவும் மீட்டர் கேஜ் பாதை. ஆனால் பற்சக்கரம் கிடையாது. வளைவுகளாலும் சுழல் சுரங்கங்களாலும் பாதையை நீட்டி நீட்டி, பெர்னினா கணவாயின் 2,253 மீட்டர் உயரத்தை அடைகிறது. வழியில் 65 மீட்டர் உயரமுள்ள லாண்ட்வாசர் கற்பாலம், வளைந்தபடியே நேராகப் பாறைச் சுரங்கத்துக்குள் நுழைகிறது. கணவாயைக் கடந்தபின் புருசியோ என்னுமிடத்தில் வட்டமான கற்பாலத்தில் ரயில் தன்னைத்தானே சுற்றி இறங்குகிறது. ஒரே நாளில் பனிப்பாறையில் தொடங்கி, இத்தாலியின் திரானோ நகரில் திராட்சைத் தோட்டங்களில் பயணம் முடிகிறது.

அகன்ற கண்ணாடிப் பெட்டிகள் கொண்ட ‘பெர்னினா எக்ஸ்பிரஸ்’ வண்டிக்கு முன்பதிவும் அதற்கான தனிக் கட்டணமும் வேண்டும். ஆனால் அதே தண்டவாளத்தில் சாதாரண வட்டார ரயில்களும் ஓடுகின்றன. அவற்றுக்கு முன்பதிவு தேவையில்லை. விரும்பிய ஊரில் இறங்கி அடுத்த வண்டியில் தொடரலாம். பல பெட்டிகளில் சன்னலைத் திறக்கவும் முடியும். புகைப்படம் எடுப்போர் சாதாரண வண்டியையே விரும்புவது இதனால்தான்.

பெர்ன் நகரும் தமிழரும்

தலைநகராகிய பெர்ன், சிகரம் தேடிச் செல்வோர் பெரும்பாலும் கடந்துபோகும் ஊர். 1983 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் இதன் பழைய நகரில், மழையில் நனையாமல் நடக்கக்கூடிய கல் வளைவு நடைபாதைகள் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு உள்ளன. 1905-இல் சார்பியல் கோட்பாட்டை வெளியிட்ட காலத்தில் ஐன்ஸ்டீன் வாழ்ந்த வீடும் இந்நகரில் காட்சியகமாக உள்ளது.

1980-களிலிருந்து இலங்கைத் தமிழர் பல்லாயிரவர் சுவிட்சர்லாந்தில் குடியேறினர். பெர்னில் 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட ‘சமயங்களின் இல்லம்’ என்னும் கட்டடத்தில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த மையம் ஆகியவை ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. அங்குள்ள இந்துக் கோயில் தமிழர்களால் நடத்தப்படுவது. வெளிநாட்டில் எதிர்பாராத இடத்தில் தமிழ் கேட்கும்போது உண்டாகும் மகிழ்ச்சியை எந்தப் பயணத்திட்டமும் பட்டியலிடுவதில்லை.

திரும்பும் வழியில் நேரமிருந்தால் ஷாஃப்ஹவுசன் அருகே ரைன் அருவியைக் காணலாம். உயரம் 23 மீட்டரே. தெலங்கானாவின் குந்தாலா அருவி இதைவிட உயர்ந்தது. ஆனால் 150 மீட்டர் அகலத்தில் ஆண்டு முழுவதும் வற்றாமல் பாய்வதே இதன் பெருமை. பனி உருகும் ஜூன், ஜூலை மாதங்களில் நீர்வரத்து உச்சத்தை எட்டும்.

குறைந்துவரும் பனி

இந்த நாட்டைக் காணச் செல்வோர் அறிந்திருக்க வேண்டிய வருத்தமான உண்மையும் உண்டு. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. ரோன் பனியாற்றின் ஒரு பகுதியைக் கோடையில் வெள்ளைத் துணியால் போர்த்தி வெயிலிலிருந்து காக்க முயல்கின்றனர். 2025 மே 28 அன்று பிளாட்டன் என்னும் மலைக்கிராமத்தின் மீது பனியாறு சரிந்து, ஊரின் பெரும்பகுதியை மூடியது. ஆபத்தை முன்பே கணித்து மக்கள் வெளியேற்றப்பட்டிருந்ததால் பேரிழப்பு தவிர்க்கப்பட்டது. மலைப்பாதைகளில் ‘மூடப்பட்டது’ என்ற அறிவிப்பைக் கண்டால் அதை மீறாதிருப்பது ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதுவே சான்று. நாம் இன்று காணும் பனியாற்றை நம் பேரக்குழந்தைகள் இதே அளவில் காணப்போவதில்லை.

எப்போது, எத்தனை நாள்?

சுவிட்சர்லாந்தின் பரப்பு 41,285 சதுர கிலோமீட்டர். தெலங்கானாவின் பரப்பில் பாதிகூட இல்லை. எனவே நாள்தோறும் விடுதி மாற்றிப் பெட்டி கட்டுவது வீண் உழைப்பு. லூசெர்னில் மூன்று இரவுகள், லாவுட்டர்புரூன்னன் அல்லது இன்டர்லாக்கனில் மூன்று இரவுகள், பெர்னினா பாதைக்காகக் கூர் நகரில் இரண்டு இரவுகள் என எட்டு இரவுகள் இருந்தால் நிறைவான பயணம் அமையும். இன்டர்லாக்கனிலிருந்து கூர் செல்லும் வழியில் பெர்னில் சில மணி நேரம் இறங்கலாம். நிலையத்திலேயே பெட்டிகளைப் பூட்டி வைக்க வசதி உண்டு.

நம் பள்ளிகளின் கோடை விடுமுறையில் செல்வோர் ஒன்றைக் கருத வேண்டும். ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் உயரமான நடைபாதைகள் பனியால் மூடியிருக்கும். சில கம்பிவட ஊர்திகள் பராமரிப்புக்காக நிறுத்தப்படும். பள்ளத்தாக்கு அருவிகளும் பூக்களும் அப்போது அழகாக இருக்கும் என்பது உண்மையே. மலைமேல் நடக்க விரும்பினால் ஜூன் தொடக்கம் மேலானது. தசரா விடுமுறை விழும் செப்டம்பர், அக்டோபர் காலமும் மிக ஏற்றது. கூட்டம் குறைவு, பெரும்பாலும் வானம் தெளிவு.

உணவில் சைவர்கள் ஒரு நுட்பத்தை அறிந்திருத்தல் நலம். அங்குள்ள மரபான பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியே பயன்படுகிறது. முற்றிலும் தவிர்க்க விரும்புவோர் கேட்டு வாங்க வேண்டும். நகரங்களின் பொது நீரூற்றுகளில், குடிக்கத்தகாதது என்ற அறிவிப்பு இல்லாவிடில், நீரை நேரடியாகக் குடிக்கலாம். சூரிச்சில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊற்றுகள் உள்ளன. சமையல் வசதியுள்ள விடுதி அறையும் கையில் ஒரு நீர்க்குப்பியும் இருந்தால் நால்வர் கொண்ட குடும்பத்தின் நாள்செலவு கணிசமாகக் குறையும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகள் மட்டும் திறந்திருக்கும்.

பணமும் ஆவணமும்

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் 2008 டிசம்பர் முதல் ஷெங்கன் எல்லைக்குள் உள்ளது. ஆகவே ஷெங்கன் விசா போதும். விண்ணப்பம் அளிக்கும் மையம் ஐதராபாத்திலேயே உண்டு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். மலைமீட்புச் செலவையும் ஏற்கும் காப்பீட்டைத் தேர்வது நல்லது. வங்கிக் கணக்கு அறிக்கையில் வழக்கமான வரவு செலவு தெரிய வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரெனப் பெருந்தொகை சேர்ந்தால் அது ஐயத்தையே எழுப்பும்.

அங்கே நாணயம் யூரோ அன்று, சுவிஸ் பிராங்க். ஒரு பிராங்கின் மதிப்பு நூறு ரூபாயைத் தாண்டியுள்ளது. அந்நியச் செலாவணி அட்டையில் பிராங்காகவே பணம் ஏற்றிச் செல்லுங்கள். யூரோவாக ஏற்றினால் இருமுறை மாற்றுச் செலவு ஏற்படும். கடையிலோ பணம் வழங்கும் இயந்திரத்திலோ ‘ரூபாயில் செலுத்தவா, பிராங்கில் செலுத்தவா?’ என்ற கேள்வி வந்தால் பிராங்கையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் நிர்ணயிக்கும் மாற்று விகிதமே செல்லும். அது பெரும்பாலும் நமக்குப் பாதகமானது.

ரிசர்வ் வங்கியின் தாராள பணவிடுப்புத் திட்டத்தின்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டில் செலவிடலாம். ஒரு பயணத்துக்கு நோட்டுகளாகப் பெறக்கூடியது 3,000 டாலர் மதிப்பு வரையே. எஞ்சியதை அட்டையில் பெறலாம். மீந்த அந்நியச் செலாவணியைத் திரும்பிய 180 நாள்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. சுற்றுலாத் தொகுப்புக்கு நிறுவனங்கள் பிடிக்கும் வரி, அதாவது டிசிஎஸ், இழந்த பணம் அன்று. வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டலாம், அல்லது திரும்பப் பெறலாம். அதற்கு உரிய பான் எண் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

பயணச் சீட்டைப் பொறுத்தவரை, நாள்தோறும் நீண்ட தொலைவு செல்வோருக்கு ‘சுவிஸ் டிராவல் பாஸ்’ ஏற்றது. ஓரிடத்தில் தங்கி மலை ரயில்களில் மட்டும் அதிகம் செல்வோருக்குப் பாதிக் கட்டண அட்டை இலாபமாக அமையலாம். பெற்றோருடன் செல்லும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை இலவசம், கேட்டால்தான் கிடைக்கும். திட்டமிட்ட வழிகளின் கட்டணத்தைத் தாளில் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இறுதியாக ஒன்று. இத்தகைய பயணத்தைக் கடன் அட்டையின் துணையோடு ஓரிரவில் முடிவு செய்வதைவிட, இரண்டாண்டுக்கு முன்பே தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்குவது மேல். மாதம் 15,000 ரூபாய் சேமித்தால் 24 மாதங்களில் 3,60,000 ரூபாயும் அதன் வட்டியும் கையில் இருக்கும். அந்த இரண்டாண்டுக்குள் ஒருமுறை குடும்பத்துடன் மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி ரயிலிலும் ஏறிவிடுங்கள். கல்லாறில் பற்சக்கரம் பாதையைப் பற்றும் அந்த நொடியைக் கவனித்த குழந்தை, ரிகியில் அதே ஓசையைக் கேட்கும்போது தானே எழுந்து சன்னலருகே செல்லும்.